கோழிக்கு மசாலா தடவிய பாத்திரம்

1

டாக்கோ என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோள மாவில் தட்டிய, உள்ளங்கை அகல ரொட்டி. அதைக் கல்லில் போட்டுச் சூடு காட்டி, நடுவில் பொடியாக வெட்டிய கோழிக்கறியும் பச்சை வெங்காயமும் கொத்துமல்லியும் வைத்து, எலுமிச்சை பிழிந்து, இரண்டாக மடித்து, நின்றபடியே தின்பது. சாதாரணமாக ஒருவர் மூன்று தின்பார். என் மகன் முரளி ஐந்து. நான் இரண்டு. மருமகள் மரிசோலின் பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அதனால் எங்கள் வீட்டில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் சாப்பாடு.

டெக்சாஸுக்கு நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி போன பிறகு மகன் அழைத்துவந்துவிட்டான். எனக்கு வயது எழுபத்து மூன்று. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. வாசற்படியிலிருந்து தபால் பெட்டி வரை நாற்பத்தெட்டு காலடி. நான்கு வயதுப் பேத்திக்குப் பத்தொன்பது தமிழ்ச் சொற்கள் தெரியும். போன வருஷம் இருபத்து மூன்று தெரிந்திருந்தன. எதையும் எண்ணுவது என் பழக்கம். எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் பயம் சற்றுத் தள்ளி நிற்கும்.

போன மாதம் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் ஒரு நேர்காணல் உண்டு. எதிரே இருந்த அதிகாரி பெண்மணி படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். எதையும் வேகமாகப் படிக்கவில்லை அவர்; எல்லாவற்றுக்கும் நான் உடனே பதில் சொன்னேன். ஒரு கேள்வி வந்தது: நீங்கள் எப்போதாவது குற்றம் செய்து, அதற்காகக் கைதாகாமல் இருந்தது உண்டா? நான்கு விநாடி போயிருக்கும். காது கேட்கவில்லையோ என்று அவர் மறுபடி உரக்கப் படித்தார். "நோ, மேடம்" என்றேன். சட்டையின் முதுகுப்புறம் நனைந்துவிட்டது.

குடியுரிமை வந்ததைக் கொண்டாடத்தான் அந்த ஞாயிறு டாக்கோ விருந்து. நாங்கள் நால்வர், மரிசோலின் அம்மா தெரேசா, அப்பா, தம்பி. ஆக ஏழு பேர்.

2

காலை பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மேடைமேல் ஒரு பெரிய செம்புப் பாத்திரம் இருந்தது. தெரேசா ஊருக்குப் போய்வந்தபோது மகளுக்கு வாங்கிவந்தது. சுத்தியலால் அடித்து அடித்துச் செய்தது, பழம் போட்டு வைக்க. அன்றைக்கு அதில் பழம் இல்லை. கோழித் துண்டுகள் இருந்தன. சிவப்பு மிளகாய் விழுது, பூண்டு, சீரகம், அதன்மேல் ததும்பத் ததும்ப எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும். பக்கத்தில் பிழிந்துபோட்ட தோல்கள். எண்ணினேன். எலுமிச்சை ஒன்பது, ஆரஞ்சு மூன்று.

"எப்போது ஊற வைத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நேற்று சாயங்காலமே, அப்பா. நன்றாக ஏறட்டும் என்று" என்றாள் மரிசோல், சிரித்துக்கொண்டே. மற்ற கிண்ணம் எல்லாம் ஃபிரிட்ஜில் வேறு பண்டங்களோடு மாட்டிக்கொண்டனவாம்; இதுதான் பெரிதாக இருந்ததாம்.

செம்பில் ஏறும் களிம்புக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்கு வரவில்லை. 'பாய்சன்' என்று ஒருமுறை சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, நினைவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். அத்தனை கறியும், அத்தனை சாறும். பாத்திரம் மோதிய சத்தத்தில் தெரேசா கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

மரிசோல் தொட்டியைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். முரளி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"என்னப்பா பண்ற நீ? அவங்க ஊர்ப் பாத்திரத்துல வெச்சா நீ சாப்பிட மாட்டியா? இத்தன வருஷம் கழிச்சு இங்க வந்து ஏனத்துல தீட்டுப் பாக்கறியா?"

என் மகன் என்னைப் பற்றி இப்படி நினைக்கக்கூடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் தெரேசா தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். திறந்தால், ஐம்பத்தோரு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாக வேண்டும்.

சொன்னேன். முரளி வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். பாதியில் அவன் குரல் இறங்கிப்போனது. அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

3

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விழுப்புரத்தில் குமாஸ்தா வேலை, ஒற்றை அறையில் வாசம். என் அக்கா கனகா திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அவள்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாமாவுக்கு அரிசி மில்லில் வேலை. அக்காவுக்கு இரண்டு கரு கலைந்துபோய், மூன்றாவது தங்கி ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. படி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அக்கா வீட்டில் பெரிய பாத்திரம் என்று இருந்தது ஒரு பித்தளைக் குண்டான். அந்தக் காலத்தில் பித்தளைக்கு உட்புறம் ஈயம் பூசித்தான் புழங்குவோம். பூச்சு தேய்ந்த இடத்தில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும், அது விஷம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இது தெரியும். குண்டானின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு ஈயம் போய் மஞ்சள் தெரிந்தது. திண்டிவனத்தில் ஈயம் பூசுகிறவர் அந்த மாதம் வரவில்லை என்று அக்கா அதை என்னிடம் கொடுத்து, விழுப்புரத்தில் பூசிக்கொண்டு சனிக்கிழமை எடுத்துவரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் மில் நண்பர்கள் இரண்டு பேர் சாப்பிட வருவதாக இருந்தது.

வாரம் முழுவதும் குண்டான் என் அறையில் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம்தான் எடுத்துக்கொண்டு போனேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஈயம் பூசும் பாய் துருத்தி போட்டு உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தைச் சூடு பண்ணி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார், உள்ளே வெள்ளியாகிவிடும்.

"கொஞ்சம் ஜல்தியா பண்ணிக் குடுங்க பாய்" என்றேன்.

"ஜல்தியா? பதினோரு ஏனம் முன்னாடி நிக்குது தம்பி. உனக்கு முன்னாடி வந்த அம்மா காலைலேர்ந்து குந்திக்கினு இருக்கு. நீயும் குந்து."

எனக்கு மூன்று மணிக்குப் பூப்பந்து ஆட்டம். அணிக்கு ஐந்து பேர். நான் போகாவிட்டால் நான்கு பேர். குண்டானைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்துக்குப் போய்விட்டேன். ஜெயித்தோம். பிறகு பாசஞ்சர் வண்டியைப் பிடித்தேன். மயிலம் தாண்டும்போதுதான் அக்காவிடம் என்ன சொல்வது என்ற எண்ணமே வந்தது.

"ஈயம் பூசியாச்சாடா?" என்றாள் அக்கா, நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"ஆச்சுக்கா."

"எங்க, காட்டு பாப்போம்."

"நீ எதுக்கு எந்திரிக்கிற? டாக்டரம்மா உன்ன அலையாதன்னு சொன்னாங்க இல்ல? கறி நான் ஊற வெக்கிறேன். நீ அங்க குந்திக்கினே சொல்லு, போதும்."

மாமா சிரித்தார். "அடேங்கப்பா, மச்சான் கரண்டி புடிக்கக் கெளம்பிட்டாரு. பொண்ணு பாக்கப் போற எடத்துல இதையும் சொல்லிடணும் கனகா. மாப்ளைக்கு உத்தியோகமும் இருக்குது, மசாலாவும் தெரியும்னு."

அன்று காலையில்தான் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் இரண்டு கோழிகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நிலம் ஏதும் இல்லாத குடும்பம். நடவுக்கும் அறுப்புக்கும் போனது போக, கோழி வளர்த்து, கூடையில் வைத்துத் தலையில் சுமந்து நடந்தே வருவாள். அக்கா அவளைத் தவிர வேறு யாரிடமும் வாங்கமாட்டாள்.

கறியை நானே கழுவினேன். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இருபத்து நான்கு பல் பூண்டு, இஞ்சி, தயிர். எலுமிச்சை இரண்டு என்று அக்கா கூடத்திலிருந்து சொன்னாள். பழம் சிறிதாக இருந்தது, நான்கு பிழிந்தேன். கறியைக் குண்டானில் போடுவதற்கு முன் ஒரு வாழையிலைத் துண்டைக் கிழித்து, அந்த மஞ்சள் தெரிந்த இடத்தின்மேல் விரித்தேன்.

இலையை விரித்தேன் என்றால் எனக்குத் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்? இதை முரளி ஆங்கிலத்தில் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

4

காலையில் முதலில் எழுந்து கறியை மண்சட்டிக்கு மாற்றினேன். இலை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. அடியில் தேங்கியிருந்த சாறு ஓரத்தில் பச்சையாக இருந்ததா என்று அப்போதே உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதையும் சட்டியில் ஊற்றிவிட்டேன்.

ஐந்து இலை போட்டார்கள். அக்காவும் அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்தாள்.

"மச்சான் கை மணமே தனி" என்று மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நண்பர்களில் ஒருவர் எலும்பைக் கடித்தபடி, "இன்னா மாப்ள, சமைச்சவரு ஒண்ணும் துண்ணலியே" என்றார். வயிறு சரியில்லை என்றேன். ரசம் சோறு சாப்பிட்டேன். என் இலையில் விழுந்த மூன்று துண்டுகளையும் சோற்றுக்கு அடியில் மறைத்து, இலையோடு மடித்துவிட்டேன். அக்கா தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வேண்டாம் அக்கா' என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அவள் ஆறு துண்டு தின்றாள்.

மூன்று மணிக்குள் நான்கு பேருக்கும் வாந்தி. மாமாவுக்கு ஐந்து, நண்பர்களுக்கு மூன்றும் நான்கும். அக்காவுக்கு ஏழு. ஏழாவது முறை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "இதுவும் போயிடுமாடா?" என்று என்னைக் கேட்டாள். வில்வண்டி கொண்டுவந்து அவளை ஏற்றினோம். வழியில் இருந்த விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். எத்தனை என்று இப்போது நினைவில்லை. என் வாழ்க்கையில் எண்ணி மறந்தது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "என்ன சாப்ட்டீங்க?"

"கோழி" என்றார் மாமா, வாயைத் துடைத்தபடி.

"எங்க வாங்குனது? சமைச்ச பாத்திரம் எப்படி?"

மாமா என்னைப் பார்த்தார். "மண்சட்டிங்க. ஊற வெச்சது பித்தள. நேத்துதான் ஈயம் பூசினது" என்றேன்.

"அப்ப கோழிதான் சீக்கு" என்று அங்கே நின்றிருந்த யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கோழிதான் என்று ஆகிவிட்டது. டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, தெரியாது. நான் வீட்டுக்கு ஓடி, வேறு யாரும் தொடுவதற்கு முன் குண்டானைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அந்த நான்கு விரல் இடத்தைச் சுற்றிப் பாசி நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. அடுத்த வாரமே விழுப்புரத்துக்கு எடுத்துப்போய், பாயிடம் நாள் முழுக்கக் காத்திருந்து ஈயம் பூசிக்கொண்டு வந்தேன்.

அக்காவின் கரு தங்கியது. பிறக்கும் வரை தொண்ணூற்று நான்கு நாள். ஒவ்வொரு நாளும் தபால்காரரைக் கண்டால் நானே எதிரே போய், கடிதம் உண்டா என்று கேட்பேன். பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் துணியை விலக்கி விரல்களைப் பார்த்தேன். இருபதும் இருந்தன.

5

இதற்கு நடுவே, அந்த ஞாயிறு போய் மூன்றாம் வாரம், அஞ்சலை எப்போதும்போல் கூடையோடு வந்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன். அக்கா தெருவில் இறங்கிவிட்டாள். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"இன்னும் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வந்து நிக்கிற? சீக்குக் கோழியத் தலையில கட்டிட்டு, என் வயித்துல இருக்கறதயும் சாவடிக்கப் பாத்தியேடி!"

"ஐயோ, அம்மா, என் கோழிக்குச் சீக்கு இல்லம்மா. கூடவே பொறிச்ச நாலு இதோ கூடையில நிக்குது, பாரும்மா. எம் புள்ளைங்களும் அன்னிக்குக் கூடப் பொறிச்சதுல ஒண்ணத்தான் துண்ணுச்சுங்க."

அவள் அக்காவின் காலில் விழப்போனாள். அக்கா காலை இழுத்துக்கொண்டாள். அஞ்சலை எழுந்து, என்னைப் பார்த்துக் கையெடுத்தாள்.

"தம்பி, நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க. நீங்களும்தானே அன்னிக்குச் சாப்ட்டீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"நான் அன்னிக்குக் கறி சாப்பிடல" என்றேன்.

அது உண்மை. அன்று நான் பேசிய ஒரே உண்மை. அவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அந்த நான்கு தெருவிலும் யாரும் அவளிடம் கோழி வாங்கவில்லை என்று அக்கா பிறகு திருப்தியாகச் சொன்னாள். மறு வருஷம் பஸ்ஸில் போகும்போது கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களில் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாளோ இல்லையோ, நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

6

நான் முடித்தபோது தெரேசா தன் செம்புப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். "இது பழத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன்; என் பெண் எப்போது நான் சொன்னதைக் கேட்டாள்" என்றார் மகளைப் பார்த்து. பிறகு என்னிடம், "கோழிக்கடை பத்து நிமிஷ தூரம். கொட்டியவர்தான் வாங்கிவர வேண்டும்" என்றார். முரளி வண்டியை எடுத்தான். போகும்போது அவன், "தீட்டுன்னு சொன்னது தப்புப்பா" என்றான்.

இரண்டாவது கோழியை நானும் தெரேசாவும் சேர்ந்து பக்குவம் செய்தோம். செய்முறையை எழுதச் சொல்வீர்கள், எழுதுகிறேன். தொடைக்கறி பதினான்கு துண்டு. ஈரம் போகத் துடைத்து, முதலில் உப்பு மட்டும் தடவி இருபது நிமிஷம். அவர்களுடைய கருஞ்சிவப்பு மிளகாய் நம் வற்றலைவிட அகலம், காரம் குறைவு. விதை நீக்கி, வறுத்து, வெந்நீரில் ஊற வைத்து, எட்டுப் பல் பூண்டோடும் வறுத்த சீரகத்தோடும் அரைக்க வேண்டும். ஓரிகானோ என்ற காய்ந்த இலையை உள்ளங்கையில் கசக்கிப் போட வேண்டும்; கசக்காமல் போட்டால் வாசனை வராது. இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மணி நேரம். புளிப்பு எதுவும் வேண்டாம். சூடான இரும்புக் கல்லில் பரத்திப் போட்டு, ஓரம் கருகும்போது திருப்பி, எடுத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டு, பிறகு வெட்டவேண்டும். எலுமிச்சையை அதன்பின் பிழிய வேண்டும், ரொட்டியின்மேல் வைத்தபிறகு. அதிக நேரம் சாற்றில் கிடந்தால் கறி மாவாகிவிடும், அதனால்தான் கடைசியில் என்றார் தெரேசா. என் காரணம் வேறு.

வெப்பமானியைக் கறியில் மூன்று முறை குத்திப் பார்த்தேன். ஏழு பேரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், முதல் ஆளாக. நான்கு மணி வரை ஒவ்வொருவராக வயிறு எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மரிசோலின் தம்பி, "தாத்தா, இன்னொரு முறை கேட்டால் பயத்திலேயே வாந்தி எடுத்துவிடுவேன்" என்றான்.

எல்லோரும் போன பிறகு மரிசோல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோழி விற்ற அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"உங்கள் அக்காவுக்குத் தெரியுமா, பாத்திரம்தான் காரணம் என்று?"

"தெரியாது."

அவள் போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

7

இங்கே மாலை ஏழு, அங்கே காலை ஐந்தரை. அக்கா எழுந்துவிடும் நேரம். ஒவ்வொரு வாரமும் அந்த நேரத்தில் பேசுவோம். மாமா இறந்தபின் ஒரு வாரமும் தவறியதில்லை. சொன்னேன். நடுவில் அவள் 'உம்' கொட்டுவது நின்றுவிட்டது.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்." பிறகு, "நான் துண்ணும்போது பாத்துக்கினு இருந்தியாடா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அத வுடு. நான் பொழச்சேன், எம் பொண்ணு பொழச்சா. உன்ன வளத்தவ நான், உன்ன நான் பாத்துக்கறேன். அவ எங் கால்ல வுழ வந்தாடா. கால இழுத்துக்கினேனே. நடுத்தெருவுல, அத்தன பேரு பாக்க." அவள் அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. "எழுவத்தெட்டு வயசுல நான் எங்கடா போயி அவளத் தேடுவேன்? இருக்காளோ இல்லியோ."

"நான் என்ன பண்ணணும்க்கா?"

"எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? ரகசியமாவா அவ பேரக் கெடுத்தோம்? நாலு பேரு பாக்கத்தானே கெடுத்தோம். நீதான் பத்திரிகைல அது இதுன்னு எழுதறியே. இத எழுது. எழுதினப்பறம் எனக்குப் போன் பண்ணு. அது வரிக்கும் பண்ணாத."

வைத்துவிட்டாள். இரண்டு ஞாயிறு போய்விட்டது. அவள் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு, இரத்த அழுத்தம் உண்டு. இது அச்சாகி அவள் கைக்குப் போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு விடியலிலும் பயந்து எழுகிறேன்.

ஆகவே, ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தலைக்கூடையில் கோழி கொண்டுவந்து விற்ற அஞ்சலையம்மாவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாராவது இதைப் படித்தால், அல்லது அவர்களைத் தெரிந்தவர்கள் படித்தால்: உங்கள் அம்மா அன்றைக்குக் கொடுத்த கோழிகள் இரண்டும் நல்ல கோழிகள். அவற்றில் ஒரு சீக்கும் இல்லை. பாத்திரத்தில் ஈயம் இல்லாததுதான் காரணம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டபோதும் தெரியும். என் முகவரி பத்திரிகை ஆசிரியரிடம் இருக்கிறது. நீங்கள் என்ன எழுதுவீர்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுங்கள்.